வீட்டு வெளி விளக்குகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் வீட்டுக்குள் பொருத்தும் விளக்குகளைப் பற்றி எழுதியதைத் தொடர்ந்து, வாசல், மதில், தோட்டம், பக்கவாட்டுச் சந்து ஆகியவற்றுக்கான விளக்குகளைப் பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். எல்லாருக்கும் பயன்படக்கூடிய ஆறு கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: முன்பக்கம் கார் நிறுத்த இடமும், பக்கத்தில் மூன்றடிச் சந்தும் உள்ள மாடி வீடு எங்களுடையது. கடைக்காரர் சொன்னபடி மாடிக் கைப்பிடிச் சுவரில் 50 வாட் ஃபிளட் லைட் போட்டோம். தெருவே பளீரென்று இருக்கிறது. ஆனால் கேட்டைத் திறந்து உள்ளே வந்தால் பூட்டுத் துவாரம்கூடத் தெரியவில்லை. 100 வாட்டாக மாற்றலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: மாற்றினால் இப்போது உள்ள தொல்லை இரட்டிப்பாகும். உங்கள் வீட்டில் வெளிச்சம் போதாமல் இல்லை. அது வந்து விழும் திசைதான் தவறாக இருக்கிறது. உயரத்தில் இருக்கும் ஒற்றை விளக்கு, தனக்குக் கீழே உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் கரிய நிழலை உண்டாக்கும். மதிலின் நிழல், காரின் நிழல், பூட்டின் முன் குனிந்து நிற்கும் உங்களுடைய நிழல் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அந்தத் துவாரத்தை மறைக்கின்றன. இது போதாதென்று, கண்ணுக்கு நேராக அடிக்கும் விளக்கைப் பார்த்தவுடன் கண்ணின் பாவை சுருங்கிவிடுவதால், இருட்டாக உள்ள இடங்கள் முன்பைவிட இருட்டாகத் தோன்றும். திருடனுக்கு வசதியான இடம் விளக்கே இல்லாத வீடு மட்டுமல்ல. கண்கூசும் விளக்கின் பின்னால் உள்ள இருட்டும்தான்.

வெளி விளக்கு வாங்குமுன் நான் எல்லாரிடமும் சொல்வது ஒன்றுதான்: தரை தெரிய வேண்டும், விளக்கு தெரியக் கூடாது. கேட்டுக்கு உட்புறம் ஏழடி உயரத்தில், பக்கவாட்டில் மறைப்புள்ள, கீழ்நோக்கி மட்டும் ஒளி விழும் சுவர் விளக்கு ஒன்று, அதில் 9 வாட் எல்.இ.டி. பல்பு. வாசற்கதவுக்கு மேலே வேண்டாம், பூட்டு இருக்கும் பக்கத்துச் சுவரில் 7 வாட் ஒன்று. சந்தில் மோட்டார் சுவிட்சும் குழாயும் இருக்கும் இடத்தில் 5 வாட் ஒன்று. மொத்தம் 21 வாட். நீங்கள் வைத்திருக்கும் ஃபிளட் லைட்டின் பாதிகூட இல்லை.

பல்பு வாங்கும்போது வாட்டைப் பார்ப்பதைவிட, அட்டையில் அச்சிட்டிருக்கும் லூமென் எண்ணைப் பாருங்கள். வாட் என்பது விளக்கு உண்ணும் மின்சாரம். லூமென் என்பது அது தரும் ஒளி. பழைய 60 வாட் குண்டு பல்பு ஏறத்தாழ 800 லூமென் தந்தது; இன்று அதையே 9 வாட் எல்.இ.டி. தந்துவிடுகிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு முத்திரையும், ‘ஆர்’ எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணும் இல்லாத பல்பில் அந்த லூமென் எண்ணை நம்புவதற்கு ஆதாரம் ஏதுமில்லை.

மின்கட்டணத்தையும் ஒருமுறை கணக்குப் பார்த்துவிடுவோம். நாளைக்குப் பத்து மணி நேரம் எரிந்தால், இரண்டு மாதக் கணக்கெடுப்பில் 50 வாட் விளக்கு 30 யூனிட் எடுக்கும். மேற்சொன்ன மூன்றும் சேர்ந்து 12.6 யூனிட் எடுக்கும். முதல் 100 யூனிட் இலவசம் என்ற சலுகையில் 30 யூனிட்டை மாடி விளக்குக்கே தாரை வார்க்க வேண்டியதில்லை.

சுவரைத் துளைக்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். நிலவில்லாத இரவொன்றில், நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயரில் ஹோல்டரை மாட்டி, ஒருவர் நான் சொன்ன இடங்களில் பல்பைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் கேட்டைத் திறந்து, பூட்டைத் திறந்து, சந்து வரை நடந்து பார்க்கட்டும். தரை ஈரமாக இருந்தால் வேண்டாம். அரை மணி நேரத்தில் உங்கள் வீட்டுக்கு எது சரி என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்துவிடும். என் வீட்டில் இந்தச் சோதனையைச் செய்யாமல் விளக்கு மாட்டி, எதிர் வீட்டுப் படுக்கையறையை ஒரு மாதம் பகலாக்கி வைத்திருந்தேன். அவர்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை; ஜன்னலுக்குப் போர்வை கட்டியிருந்ததைப் பார்த்துத்தான் எனக்கே உறைத்தது.

கேள்வி: முதல் மழை பெய்தவுடன் வாசல் விளக்கை ஈசல் மொய்த்துவிடுகிறது. காலையில் வாசல் முழுக்க இறகு. பல்லிகளும் அங்கேயே குடியிருக்கின்றன. மஞ்சள் விளக்கு போட்டால் வராது என்கிறார்களே, உண்மையா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: வராது என்று சொல்ல முடியாது, குறைவாக வரும் என்று சொல்லலாம். பெரும்பாலான பூச்சிகளின் கண்கள் புற ஊதாக் கதிர்களுக்கும் நீல ஒளிக்கும் கூர்மையானவை. வெள்ளை எல்.இ.டி. என்று நாம் சொல்வது உண்மையில் நீல எல்.இ.டி.தான், அதன் மேல் பூசிய பாஸ்பர் என்ற மஞ்சள் ஒளிர்பூச்சு நீலத்தில் ஒரு பகுதியை மாற்றி, இரண்டும் கலந்து வெண்மையாகத் தெரிகிறது. அந்த நீல எல்.இ.டி.யை உருவாக்கியதற்காகத்தான் அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு கெல்வின். அட்டையில் 6500 கெல்வின் என்று போட்டிருக்கும் பல்பில் நீலம் மிகுதி. 2700 கெல்வின் பல்பில் நீலம் மிகக் குறைவு. வாசலுக்கு 2700, கிடைக்காவிட்டால் 3000. அதற்கு மேல் வேண்டாம். நம் கடைகளில் கேட்காமலே எடுத்துக் கொடுப்பது 6500தான் என்பதால் எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

ஈசல் விஷயத்தில் நிறத்தைவிட நேரம் முக்கியம். ஈசல் என்பது இறகு முளைத்த கறையான். மழை விட்ட மாலையில் புற்றிலிருந்து கூட்டமாகக் கிளம்பி, சிறிது நேரம் பறந்து, இறகை உதிர்த்துவிட்டு, இணை சேர்ந்து, ஈரமான மண்ணிலோ விரிசலிலோ புதிய குடித்தனம் தேடும். அதை மரக்கதவுக்கு மேலே விளக்கேற்றி வரவேற்பது எந்த வகையிலும் நல்லதல்ல. முதல் ஈசலைக் கண்டவுடன் வாசல் விளக்கை ஒரு மணி நேரம் அணைத்துவிடுங்கள். கதவிலிருந்து விலகிக் கேட்டருகே உள்ள விளக்கு மட்டும் எரியட்டும். விளக்குக்குக் கீழே அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வைக்கும் பழைய வழக்கமும் பயன் தருவதுதான். பூச்சி குறைந்தால் பல்லி தானாகவே வேறு வீடு பார்த்துக்கொள்ளும். கொசுவை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது நம் மூச்சுக் காற்றையும் உடல் வாடையையும் சூட்டையும் மோப்பம் பிடித்து வருவது. பல்பின் நிறத்தை மாற்றி அதை ஏமாற்ற முடியாது.

கேள்வி: கடற்கரையிலிருந்து அரைக் கிலோமீட்டரில் வீடு. ஐ.பி. 65 என்று எழுதியிருந்த விளக்குகளையே வாங்கினோம். ஓராண்டுக்குள் திருகுகள் துருப்பிடித்து, பெயின்ட் உரிந்து, இரண்டில் தண்ணீரும் இறங்கிவிட்டது. போலிப் பொருளா? (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: போலியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஐ.பி. என்ற குறியீட்டில் முதல் எண் தூசியையும் இரண்டாம் எண் தண்ணீரையும் தடுக்கும் திறனைச் சொல்கின்றன. 65 என்றால் தூசி புகாது, குழாய் வைத்து நீர் பீய்ச்சினாலும் உள்ளே போகாது என்று பொருள். துருப்பிடிக்காது என்று அந்த எண் எங்கேயும் சொல்லவில்லை. உப்புக் காற்றுக்கும் அதற்கும் தொடர்பே கிடையாது.

கடலோரத்தில் எண்ணோடு சேர்த்து, எதனால் செய்தது என்றும் கேட்க வேண்டும். வெயில் தாங்கும் பாலிகார்பனேட் உடல், பித்தளை, அல்லது 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு ஆகியவை நிற்கும். சாதாரணமாகக் கிடைக்கும் 304 ரக எஃகில் கடலோரத்தில் சில மாதங்களிலேயே பழுப்புப் புள்ளிகள் தோன்றுகின்றன. வண்ணம் பூசிய அலுமினியத்தில் இரும்புத் திருகு முடுக்கியிருந்தால், உப்பு ஈரம் பட்டவுடன் இரண்டு உலோகங்களும் சேர்ந்து சிறியதொரு பேட்டரி போல வேலை செய்து, திருகைச் சுற்றியுள்ள அலுமினியத்தை அரிக்கத் தொடங்கும். உங்கள் விளக்குகளில் பெயின்ட் உரியத் தொடங்கியது திருகைச் சுற்றித்தான் என்றால் காரணம் இதுவே.

தண்ணீர் இறங்கியதற்கு நான் சந்தேகிப்பது பொருத்தியவரை. ஒயர் நுழையும் துளையில் ஒயரை இறுக்கிப் பிடிக்கும், ரப்பர் வளையத்தோடு கூடிய கிளாண்டை முடுக்காமல், ஒயரை மேலிருந்து நேராகச் செருகிவிட்டால், மழைநீர் அந்த ஒயரையே வழியாகக் கொண்டு உள்ளே போய்விடும். ஒயர் கீழிருந்து நுழைய வேண்டும். மேலிருந்துதான் வர முடியும் என்றால், நுழையும் இடத்துக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலேற்ற வேண்டும். நீர் அந்த வளைவில் சொட்டிவிடும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் விளக்கைத் துடைத்துவிடுவதும், கடலோரத்தில் விளக்கின் ஆயுளைக் கூட்டும் வேலைதான்.

கேள்வி: கேட் தூண்களில் விளக்கு வைத்ததிலிருந்து, பெரிய மழை பெய்தால் வீட்டின் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு துண்டிப்பான்) விழுந்து மொத்த வீடும் இருண்டுவிடுகிறது. ஃபிரிட்ஜும் நின்றுவிடுகிறது. வந்த எலக்ட்ரீஷியன், கேட் விளக்கை ஆர்.சி.சி.பி. வழியாகப் போகாமல் நேரடியாக இணைத்துவிடலாம் என்கிறார். செய்யலாமா? (வாசகர், கடலூர்)

பதில்: செய்யவே கூடாது. இந்த இதழில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

ஆர்.சி.சி.பி. போகும் மின்னோட்டத்தையும் திரும்பி வரும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. இடையில் எங்கோ கசிந்து தரைக்குப் போகிறது என்றால் இரண்டும் சமமாக இராது. வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுமுன்போ எட்டியவுடனோ அது விழுந்துவிடும். ஆளைக் கொல்லக்கூடிய மின்னோட்டம் உடலில் நீடிக்காமல் இருக்க வைத்த அளவு அது. எம்.சி.பி. இந்த வேலையைச் செய்யாது. அது ஒயர் சூடாகித் தீப்பற்றாமல் காப்பது. ஒரு மனிதரின் உடல் வழியாகப் பாயும் சிறிய மின்னோட்டம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. உங்கள் வீட்டில் மழையில் கேட் தூணில் மின்சாரம் கசிகிறது, அதை அந்தக் கருவி ஒவ்வொரு முறையும் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டு நேரடியாக இணைத்தால் கசிவு நிற்காது. ஈரமான இரும்புக் கேட்டும், அதைத் தொட்டுத் திறக்கும் பால்காரரும், வெறுங்காலோடு நிற்கும் குழந்தையும் அந்த 230 வோல்ட்டுக்கு வழியாகிவிடுவார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். ஒயர்மேன் உரிமம் பெற்ற ஒருவரை அழைத்து, கேட்டுக்குப் போகும் ஒயரை இரு முனையிலும் கழற்றி, மெகர் கருவியால் காப்புத் தடையை, அதாவது ஒயரின் உறை மின்சாரத்தைக் கசியவிடாமல் தடுக்கும் திறனை, அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் குற்றம் இருப்பது மண்ணுக்குள், இன்சுலேஷன் டேப் சுற்றிப் புதைத்த ஓர் இணைப்பில்தான். தரைக்கடியில் இணைப்பே இல்லாமல் ஒரே நீள ஒயராகப் போவது நல்லது. தவிர்க்க முடியாவிட்டால் நீர் புகாத, பிசின் நிரப்பிய இணைப்புப் பெட்டி வேண்டும். ஒயர், உலோக உறை போர்த்திய கவச கேபிளாக இருக்கட்டும். இரண்டடி ஆழத்துக்குக் குறையாமல் புதைத்து, மேலே மணலும் செங்கலும் பரப்பினால், பின்னால் செடி நட மண்வெட்டி போடுபவரும் பிழைப்பார். உலோக விளக்குக்கு எர்த் ஒயர் கட்டாயம். சதுரத்துக்குள் சதுரம் வரைந்த குறி உள்ள இரட்டைக் காப்பு விளக்குக்கு மட்டும் எர்த் தேவையில்லை.

ஃபிரிட்ஜ் நின்றுவிடும் கவலைக்கும் வழி இருக்கிறது. வெளி விளக்குகளுக்கென்று தனி வழித்தடம் எடுத்து, அதற்குத் தனியாக ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வைத்துவிட்டால், மழையில் விழுந்தாலும் அது மட்டும்தான் விழும். ஆனால் வீட்டின் பொதுவான ஆர்.சி.சி.பி.க்குப் பின்னால் இதை வைக்கக் கூடாது. இரண்டும் மெயின் சுவிட்சிலிருந்து தனித்தனியே மின்சாரம் பெற வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்தே விழக்கூடும். அதன் மேலுள்ள ‘டெஸ்ட்’ பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். அழுத்தியும் விழாத கருவியை அன்றே மாற்றுங்கள். இதெல்லாம் முடியும்வரை கேட் விளக்கின் ஒயரைப் போர்டிலேயே கழற்றி வைத்திருங்கள். சுவிட்சை அணைத்து வைத்தால் போதாது. சுவிட்ச் ஃபேஸுக்குப் பதிலாக நியூட்ரலைத் துண்டிக்கும்படி மாற்றி இணைத்த வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: சோலார் தோட்ட விளக்கு ஒன்றும், ஆள் வந்தால் எரியும் சென்சார் விளக்கு ஒன்றும் வாங்கினேன். முதலாவது எட்டு மணிக்கே மங்கிவிடுகிறது. இரண்டாவது, சித்திரை மாதத்தில் ஆள் பக்கத்தில் வந்து நின்றாலும் எரிவதில்லை, மார்கழியில் பூனைக்கெல்லாம் எரிந்தது. (வாசகர், வேலூர்)

பதில்: சோலார் விளக்கின் அட்டையில் 100 வாட் என்று எழுதியிருந்தாலும், அதன் தலையில் இருக்கும் பலகையின் அளவைப் பாருங்கள். அது 3 வாட் பலகை என்றால், நல்ல வெயிலில் நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் முழுமையாக வேலை செய்தாலும் 15 வாட்-மணிதான் சேரும். பேட்டரியில் ஏற்றி இறக்குவதில் ஒரு பங்கு போய்விடும். மிச்சத்தில் இரவு முழுவதும் ஒரு வாட் அளவுக்கு எரியலாம். அது வழிகாட்டப் போதும், வேறெதற்கும் போதாது. மரநிழலில் வைத்திருந்தால் அதுவும் இல்லை. பலகை தனியாகவும் விளக்கு தனியாகவும் ஒயரால் இணைந்த வகையை வாங்கி, பலகையைத் தெற்குப் பார்த்து மாடியில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

சென்சார் கதை சுவையானது. இவ்வகைச் சென்சார் ஆளைப் பார்ப்பதில்லை. சுற்றுப்புறத்தைவிடச் சூடான ஒன்று நகர்வதைத்தான் உணர்கிறது. உங்கள் ஊரில் சித்திரை மாத முன்னிரவில் சுவரும் தரையும் மனிதரின் தோல் அளவுக்கே சூடாக இருப்பதால், அதன் கணக்கில் நீங்களும் சுவரின் ஒரு பகுதிதான். மார்கழியில் குளிர்ந்த தரையின் மேல் நடக்கும் பூனை அதற்குக் கணப்புச் சட்டி போலத் தெரிகிறது. விளக்கைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எட்டடி உயரத்தில், வெயில் நேராகப் படாத சுவரில், வருபவர் சென்சாரை நோக்கி நடந்து வராமல் அதன் முன்னால் குறுக்கே கடந்து போகும்படி பொருத்துங்கள். குறுக்கசைவை அது எளிதில் உணரும். கோடையில் மட்டும் சாதாரணச் சுவிட்சிலும் எரியும்படி ஓர் இணைப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் மாடியும் தோட்டமும் கடலைப் பார்த்தபடி உள்ளன. ஆமைகளுக்காக இரவில் கடல் பக்க விளக்குகளை அணைக்கும்படி தன்னார்வலர்கள் கேட்டுக்கொண்டார்கள். மூன்று மாதம் முழு இருட்டில் இருக்கவும் முடியவில்லை. மாற்று ஏதும் உண்டா? (வாசகி, நீலாங்கரை)

பதில்: உண்டு. அதற்குமுன், அவர்கள் ஏன் கேட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் கடற்கரைக்கு முட்டையிட வருவது பங்குனி ஆமை. தை முதல் பங்குனி வரை பெண் ஆமைகள் இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி, முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். ஏறத்தாழ 45 முதல் 60 நாளில் பொரிந்து வரும் குஞ்சுகளுக்கு வழிகாட்ட யாருமில்லை. இருட்டில் எந்தப் பக்கத்து அடிவானம் வெளிச்சமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் போ என்பது மட்டுமே அவற்றுக்குத் தெரிந்த பாடம். மின்விளக்கு இல்லாத காலத்தில் அது எப்போதும் கடல்தான். இன்று அது உங்கள் மாடி விளக்காக இருந்தால், குஞ்சு கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உங்கள் மதிலை நோக்கி ஊர்ந்து, விடிந்தபின் வெயிலில் காய்ந்தோ காகத்துக்கு இரையாகியோ இறந்துபோகும். வெளிச்சமான கரையில் ஏறத் தாய் ஆமையும் தயங்கும். சென்னையில் 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் இரவுதோறும் கரையில் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காப்பகத்துக்கு மாற்றுவதற்கு, இந்த விளக்குகளும் ஒரு காரணம்.

கரையில் நின்று பார்த்தால் உங்கள் விளக்கின் பல்பும் தெரியக் கூடாது, ஒளிபட்ட வெள்ளைச் சுவரும் தெரியக் கூடாது. இவ்வளவுதான் நிபந்தனை. தோட்டப் பாதைக்கு முழங்கால் உயரத்துக்கு மேல் போகாத, மேற்பகுதி மூடிய, வீட்டுப் பக்கம் மட்டும் ஒளி விழும் சிறு விளக்குகளை வையுங்கள். நீல ஒளியும் பச்சை ஒளியும்தான் ஆமைகளை அதிகம் ஈர்க்கின்றன என்பதால், ஆம்பர் அல்லது சிவப்பு எல்.இ.டி.யாக அவை இருக்கட்டும். வெள்ளை எல்.இ.டி.யின் மேல் மஞ்சள் கண்ணாடி மாட்டி விற்பது ஆம்பர் ஆகிவிடாது, எல்.இ.டி.யே ஆம்பராக இருக்க வேண்டும். மாடியில் விளக்கு வேண்டாம். அறை வெளிச்சம் கடல் பக்கம் போகாமல் கனத்த திரை போட்டுவிடுங்கள். மரங்களைச் சுற்றிய சீரியல் செட்டையும் தென்னையை அண்ணாந்து பார்க்கும் ஃபோகஸ் விளக்கையும் எடுத்துவிடுங்கள். இவற்றைக் குஞ்சுகள் கடைசியாகப் பொரியும் சித்திரை, வைகாசி வரைக்கும் கடைப்பிடிக்க வேண்டும்.

மாற்றி முடித்தவுடன், இரவு ஒன்பது மணிக்கு மேல் கடல் அலை தொடும் இடம் வரை நடந்துபோய், குஞ்சின் கண் மட்டத்துக்கு வரும்படி மணலில் நன்றாகக் குனிந்து, வீட்டைத் திரும்பிப் பாருங்கள். எந்த விளக்கு அங்கிருந்து தெரிகிறதோ, அதற்கு ஒரு மூடி வேண்டும்.